ஐந்தாவது கியரின் நட்டு

ரொட்டி வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின்.
நாலு சிலிண்டர், டீசல்.
கிரேட் ஃபால்ஸ் தெருக்களில் பதினெட்டு வருடம்
விடியுமுன் நின்று நின்று போனது.
எண்ணெய்த் தொட்டியின் விளிம்பு அழுக்கில்
ரொட்டிப் பையின் நீல கிளிப் ஒன்று ஒட்டியிருந்தது.
தேதி அழிந்துவிட்டது.
எதற்கென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எழுபத்தொன்றாம் வருட இன்டர்நேஷனல் பிக்கப்பில்
அதை இறக்கி மூன்று வாரம்.
முன்னால் எல்லாம் முடிந்தது.
பின்னால், எஞ்சினுக்கும் ஓட்டுதண்டுக்கும் நடுவே,
இரண்டு முழத்துக்குக் காற்று.

பழைய நாலு கியர் பெட்டியையே மாட்டு, என்றான் டுவெய்ன்.
உன்னையும் என்னையும் புதைத்த பிறகும் உழைக்கும்.
உழைக்கும்தான்.
முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கி நடந்தால்
நான் முன்னால் போய்விடுவேன்.
நாலாவதில்தான் சிக்கல்.
பெட்ரோல் எஞ்சின் கத்திக்கொண்டு கடக்கும் வேகத்தில்
இந்த டீசலுக்கு மூச்சு முட்டும்.
அதற்கு மேலே ஒரு கியர் வேண்டும்,
எஞ்சின் கொஞ்சம் தோளைத் தளர்த்திக்கொள்ள.

ஆட்டோமேட்டிக் போடு அம்மா, என்றாள் மகள்
பில்லிங்ஸிலிருந்து போனில்.
இடது முழங்காலை நினைத்துப் பார்.
நான் நினைக்காவிட்டாலும்
அது என்னை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறது,
கன்று போடும் மார்ச் மாதத்து இரவுகளில் முக்கியமாக.
ஆட்டோமேட்டிக்கும் நல்ல சாமான்தான்.
ஆனால் நான் முடிவெடுத்த பிறகுதான்
அது யோசிக்கவே தொடங்கும்.
அப்படி ஒருவரோடு இருபத்தாறு வருடம் இருந்தாகிவிட்டது.

மால்ட்டாவுக்கு வடக்கே,
புல்லுக்குள் அறுநூறு வண்டிகள் படுத்திருக்கும் இடம்.
கார்வின் ஸ்கார் தார்ப்பாயை விலக்கினார்.
இரும்புக் கூடு, ஐந்து கியர்,
இரண்டு ஆள் தூக்கும் கனம்.
வலது காது கேட்காது, இந்தப் பக்கம் வந்து பேசுங்கள், என்றார்.
விலையைச் சொல்லுமுன் இன்னொன்றும் சொன்னார்:

ஐந்தாவது கியரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு.
டீசல் நடுக்கத்தில் அது மெல்லக் கழன்று வரும்.
வந்தால் ஐந்தாவது போச்சு.
மற்ற நாலும் வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும்.

எத்தனை மைலில் கழலும்?
சிலதில் எழுபதாயிரம். சிலதில் கழலவே கழலாது.
இதில்?

வெறுமனே தோளைக் குலுக்கவில்லை.
பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார்.
நட்டிலிருந்து தண்டு வரைக்கும்
யாரோ வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.
நட்டு அசைந்தால் கோடு இரண்டாகும்.
ஒன்றாகத்தான் இருந்தது.

தானமாக வந்த மாடென்றால் பல்லைப் பார்க்கக் கூடாது.
எண்ணூறு டாலர் கேட்டார்; ஆகவே பார்த்தேன்.
ஒவ்வொரு பல்லாக, விரலை விட்டு.
மூன்றாவதில் ஒரு முனை மட்டும் சிறிது மழுங்கல்.
எழுநூற்று இருபது.

பிறகு சில்லறைத் தொல்லைகள்.
இடைத்தகட்டில் ஓர் ஓட்டை ஒரு நூல் தள்ளியிருந்தது.
கிளட்ச் தட்டு தப்பாக வந்து திரும்பிப் போனது.
மிதி முழங்காலை உலுக்காமல் இருக்க
ஹைட்ராலிக்கை இரண்டு தடவை மாற்றினோம்.
இரண்டாம் தடவை டுவெய்ன் வரவில்லை, கார்வின் வந்தார்.
நட்டை இறுக்கி, பழைய கோட்டைத் துடைத்துவிட்டு
நானே புதிதாக இழுத்தேன்.
கை நடுங்கிக் கொஞ்சம் கோணல்.
கோணலாக இருந்தாலும் முறிந்தால் தெரியும், என்றார்.

கியர் கம்பி எதிர்பார்த்ததற்கு ஒரு சாண் பின்னால் முளைத்தது,
இருக்கையின் நடுவில்.
பக்கத்தில் உட்காருபவர் காலை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.
கார்வின் ஒதுக்கி உட்கார்ந்தான்.
அவனுடைய நல்ல காது என் பக்கம்.
அந்தச் சத்தத்தில் எந்தக் காதும் கேட்காதுதான்.

சாக்கோவைத் தாண்டி, சாலை நேராகும் இடத்தில்
ஐந்தாவதுக்குத் தள்ளினேன்.
எஞ்சின் குரலைத் தாழ்த்தியது.
ஏதோ சொன்னான்.
என்ன, என்றேன்.
கையை அசைத்து, பிறகு சொல்கிறேன் என்று காட்டினான்.
இருவரும் தரைக்குக் கீழே காதை வைத்துக்கொண்டு
ஹின்ஸ்டேல் வரை போனோம்.